ஏழு சொட்டு

அந்தத் துரு வட்டமா? அது மழைத்தண்ணி பிடிச்ச பழைய புனல் ஸ்டாண்டு நின்ன இடம் தம்பி. ஒன்பது வருஷம் அங்கேயேதான் நின்னுச்சு. எடுத்துட்டுப் போயும் ஆறு வருஷமாச்சு, கறை மட்டும் போக மாட்டேங்குது. நீங்க உங்க மெஷினை அதுக்கு மேலயே வெச்சுக்கலாம், தளம் அங்கதான் மட்டமா இருக்கு. இந்த மாடியில எந்த மூலையில தண்ணி தேங்கும், எந்த மூலையில காத்து சுழட்டி அடிக்கும்னு என்னைக் கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

ஆமா, நான்தான் மழை பிடிச்சவ. இந்த ஸ்கூல்ல லேப் உதவியாளர். பேரு என்னவோ பெருசாத்தான் இருக்கு, வேலை பாட்டில் கழுவுறது, குழாய் கழுவுறது, பசங்க உடைச்சதைக் கூட்டி அள்ளுறது. இருபத்திரண்டு வருஷமாச்சு. அப்ப இருந்த பசங்க எனக்கு மழைக்காரம்மான்னு பேரு வெச்சுட்டாங்க. அவங்க பெத்த பசங்க இப்ப இங்க படிக்குதுங்க, அதுங்களும் அப்படியேதான் கூப்பிடுதுங்க.

துளி பட்டதும் மூடி தானாத் தெறந்துக்குமா? மழை விட்டா மூடிக்குமா? நம்பர் நேரா உங்க ஆபீஸுக்கே போயிடுமா, நடுவுல யாரும் தூக்கிட்டுப் போக வேண்டாமா? பரவாயில்ல. மனுஷன் கை படாத ஏற்பாடு. நல்லதுதான்.

எங்களுக்கெல்லாம் கைதான். கெமிஸ்ட்ரி வாத்தியார்தான் இதை ஆரம்பிச்சாரு. நீங்க வர்ற வழியில துத்தநாக ஆலை பார்த்திருப்பீங்களே, ரெண்டு புகைபோக்கி, ஒண்ணுல சிவப்பு வெள்ளைப் பட்டை. தாதுவைச் சுடுறப்ப கந்தகப் புகை வரும், அதைப் பிடிச்சு ஆசிடாக்கி வித்துடுவாங்க, பிடிக்காம விட்டா மேகத்துல கலந்து நம்ம தலையிலேயே மழையா இறங்கும்னு வாத்தியார் போர்டுல படம் போட்டுச் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் பின்னாடி நின்னு டெஸ்ட் டியூப் துடைச்சுட்டிருந்தேன். அன்னிக்கே ஓசோன் கதையும் சொன்னாரு. வானத்துக்கு மேல ஒரு போர்வை மாதிரி இருக்காம், ஃப்ரிட்ஜ்ல போடற கேஸ் மேல போய் அதை அரிச்சு ஓட்டையாக்கிடுச்சாம், அப்புறம் எல்லா தேசமும் ஒண்ணா உக்காந்து அந்த கேஸை நிறுத்தினாங்களாம், இப்ப மெல்ல மெல்ல அடைஞ்சுட்டு வருதாம். நான் சும்மா இருக்க மாட்டாம, சார் அவ்வளவு உயரத்துல இருக்கிற ஓட்டைக்கு எல்லாரும் கூடிட்டாங்க, எங்க சமையக்கட்டுத் தகரத்துல ரெண்டே வருஷத்துல ஓட்டை விழுந்திருக்கு, அதுக்கு யாரு கூடுவாங்கன்னு கேட்டுட்டேன். கிளாஸே சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தகரத்தைப் பார்க்கணுமேன்னாரு.

வீட்டுக்கு வந்து பார்த்தாரு. கொடிக்கம்பியைப் பார்த்தாரு, துணியில திட்டுத் திட்டா நிறம் வெளுத்திருந்ததைப் பார்த்தாரு, கீரை இலையில வெள்ளை வெள்ளையாக் கருகியிருந்ததைப் பார்த்தாரு. அடுத்த மாசமே தலைநகரத்துல இருக்கிற ஏதோ பெரிய லேபுக்கு எழுதி, மழையைப் பாட்டில்ல பிடிச்சு அங்க அனுப்புற இந்தத் திட்டத்தை வாங்கிட்டு வந்துட்டாரு. யாரு கையில குடுக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, படிச்ச டீச்சருங்க நாலு பேரு இருந்தும் என்னைத்தான் காட்டினாரு. இந்தம்மா கழுவின பாட்டில்ல நான் இதுவரைக்கும் ஒரு கறை பார்த்ததில்லைன்னாரு. என் வாழ்க்கையில என்னைப் பத்தி ஒருத்தர் நாலு பேரு முன்னாடி நல்லதாச் சொன்னது அதுதான் மொத தடவை தம்பி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

அதை நான் எப்படிப் பண்ணேன்னு கேளுங்க. சுத்தமான தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசணும், சோப்பு கூடாது. வாய்ப்பக்கம் விரல் படக்கூடாது. மழை பெஞ்ச மறுநாள் காலையில எட்டு மணிக்கு மாடி ஏறி, எவ்வளவு விழுந்திருக்குன்னு அளந்து நோட்ல எழுதி, பாட்டிலை மூடி, மூடி மேல ஒரு பேப்பர்ப் பட்டை ஒட்டணும். பட்டையில என் கையெழுத்து. பட்டை கிழிஞ்சிருந்தா லேப்ல அந்தப் பாட்டிலைத் தொடவே மாட்டாங்க. அப்புறம் பெட்டியில வெச்சு பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸ்ல குடுக்கணும். காய்ச்சல்லயும் ஏறியிருக்கேன். என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்னிக்குக்கூட பாட்டிலை மூடி வெச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

லேப்லேருந்து வர்ற பி.எச். நம்பரைப் படிக்கவும் வாத்தியார் எனக்குக் கத்துக்குடுத்தாரு. ஏழுன்னா சுத்தத் தண்ணி, சாதாரண மழை அஞ்சரை பக்கம் இருக்கும், அதுக்குக் கீழ இறங்கினா புளிப்பு. ஒரு படி இறங்கினா பத்து மடங்கு, ரெண்டு படி இறங்கினா நூறு மடங்கு. உங்களுக்குத் தெரியாததா. மொத வருஷம் நாலரை, நாலேகால்னு வந்துச்சு. ஒரு தடவை மூணு புள்ளி ஒன்பது. அன்னிக்கு வாத்தியார் அந்த நம்பரைச் சுத்திச் சிவப்பு மையில வட்டம் போட்டாரு. ரெண்டாவது வருஷத்துலேருந்து ஏறிடுச்சு. ஆறு புள்ளி மூணு, ஆறு புள்ளி ஆறு, ஆறரை. ஆலையில புதுசா ஏதோ வடிகட்டி மாட்டியிருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். வாத்தியாரு நம்மாலதான் மாட்டினாங்கன்னு சந்தோஷப்பட்டு, அந்தச் சந்தோஷத்தோடயே ரிட்டயர் ஆகிப் போயிட்டாரு.

தகரமா? தகரத்துல ஓட்டை விழுந்துட்டேதான் இருந்துச்சு. கீரை கருகிட்டேதான் இருந்துச்சு. மழையில நனைஞ்சா கண்ணு எரியும். ஆனா நம்பர் ஆறரைன்னு சொல்லுதே. நம்பரா, கண்ணான்னா நான் நம்பரைத்தான் நம்பினேன். என் கையால பிடிச்ச தண்ணி ஆச்சே. தகரம் மட்டம்னு கடைக்காரனைத் திட்டினேன்.

என் அண்ணன் அப்படி இல்ல. அவரு கண்ணை நம்புற ஆளு. அவருக்கும் எனக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அப்பா போனப்புறம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது, கல்யாணம் பண்ணி வெச்சது எல்லாம் அவருதான். ஓடைக்கு அந்தப் பக்கம் தாழ்வான நிலத்துல மூணு குளம் வெட்டி மீன் குஞ்சு வளர்த்தாரு. குஞ்சுன்னா கண்ணிமை நீளம்தான் இருக்கும். கரையில அவரு நிழல் விழுந்தாப் போதும், அத்தனையும் அந்தப் பக்கமா ஓடி வரும். ஒவ்வொரு வருஷமும் மொத ரெண்டு மழை பெஞ்சதும் வெள்ளையா வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும். கூடையில அள்ளிக் கொட்டுவாரு.

மழையிலதான் ஏதோ இருக்கு பாப்பான்னாரு. என்னை இன்னமும் பாப்பான்னுதான் கூப்பிடுவாரு, எனக்குப் பேத்தி பொறந்தாச்சு. நான் நோட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். பாருங்கண்ணே, ஆறு புள்ளி அஞ்சு, மழையில ஒண்ணுமில்ல, உங்க குளத்துலதான் ஏதோ கோளாறுன்னேன். சரின்னு சேறு வாரினாரு. தீவனத்தை மாத்தினாரு. குஞ்சு குடுக்கிறவன்கிட்ட சண்டை போட்டு வேற ஆள்கிட்ட வாங்கினாரு. அப்பவும் மிதந்துச்சு. மழைக்கு முன்னாடி குளத்துல சுண்ணாம்பு போட்டுப் பார்க்கட்டுமான்னு ஒரு தடவை கேட்டாரு. ஆறரை இருக்கிற மழைக்கு எதுக்கு சுண்ணாம்பு, அது குஞ்சைப் பொசுக்கிடும்னு நான்தான் வேண்டாம்னேன். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவ இல்லையா நான். சுண்ணாம்பு போட்டிருந்தா பிழைச்சிருக்கும் தம்பி. அத்தனையும் பிழைச்சிருக்கும்.

கடைசியில அண்ணனும் குளத்துக்காரங்க, தோட்டக்காரங்கன்னு ஒரு பன்னெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டாங்க. விசாரணை வெச்சாங்க. ஆலைக்காரங்க கோட்டு போட்ட ஆளைக் கூட்டிட்டு வந்து இந்த நம்பரையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டாங்க. ஸ்கூல்ல எடுத்த நம்பர், அரசாங்க லேப் பார்த்த நம்பர், எங்க நம்பர் இல்லைன்னாங்க. அப்ப அண்ணன் எந்திரிச்சு, மழை பிடிக்கிறது என் தங்கச்சிதான், பாட்டில் எப்படிப் போகுது, எங்கெங்க போகுதுன்னு அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க, அவளுக்குப் பொய் சொல்ல வராதுன்னாரு. அவரு சொன்னதாலதான் என்னைக் கூப்பிட்டாங்க.

போனேன். நீளமான ரூம். சன்னலைத் தெறந்தா தூசின்னு மூடி வெச்சிருந்தாங்க. மேசையில நோட்டை வெச்சு, பாட்டிலை எப்படிக் கழுவுவேன், எப்படி மூடுவேன், பட்டை எப்படி ஒட்டுவேன்னு எல்லாம் சொன்னேன். கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். அரை மணி நேரத்துல முடிஞ்சுச்சு. மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க.

வெளிய படிக்கட்டுல அண்ணன் நின்னாரு. திட்டுவாரு, மூஞ்சியைத் திருப்பிக்குவாருன்னு நினைச்சேன். என் தோள்ல கை வெச்சு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் பாப்பா, அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்னாரு. நம்பிட்டாரு தம்பி. என்னை அவ்வளவு நம்பினாரு. ஒரு மாசத்துல குளத்தை மூடிட்டாரு. அதே கையில வேற குஞ்சை விட எனக்குத் தைரியம் இல்லைன்னு அண்ணிகிட்ட சொல்லியிருக்காரு. நிலத்தைக் குடுத்துட்டு மகன் இருக்கிற ஊருக்குப் போயிட்டாரு. அங்க ஒரு ஆஸ்பத்திரித் தோட்டத்துல செடிக்குத் தண்ணி ஊத்துறாரு. மீன் சாப்பிடுறதையே விட்டுட்டாராம்.

இந்தப் புனலையும் அந்த வருஷமே கழட்டிட்டாங்க. மழை சுத்தம்னு முடிவாயிட்டா அப்புறம் எதுக்குப் பாட்டில்?

அந்த ஸ்க்ரூவுக்கு இந்த ஸ்பேனர் சரியா வருமா? கீழ லேப்ல சின்னது இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வரேன்.

ஆமா, சோடியம். உங்க ஆபீஸ்ல யாரோ ஒரு பொண்ணு பழைய காகிதத்தை எல்லாம் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்காமே. கடல் இவ்வளவு தூரத்துல இருக்கு, மழையில இவ்வளவு சோடியம் எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்கு. எத்தனை பெரிய ஆளுங்க பார்த்த காகிதம், ஒரு சின்னப் பொண்ணுக்குத் தோணியிருக்கு பாருங்க. லேப்ல யாரோ எதையோ கலந்திருப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. பார்சல் ஆபீஸ்ல பண்ணியிருப்பாங்கன்னும் பேசிக்கிறாங்க. என்னைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. மழைக்காரம்மா பாவம், அவங்க உழைப்பை வீணாக்கிட்டாங்களேன்னு எச்.எம். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. எங்க வீட்டுக்காரரு.

அவரு ஆலையிலதான் வேலை பார்த்தாரு. ஃபிட்டர். அந்தக் கந்தகப் புகையைப் பிடிச்சு ஆசிடாக்குற பகுதியிலேயே. அது பழைய பிளாண்டு, மாசத்துல பத்து நாள் ரிப்பேர்ல கிடக்கும். அதுக்காக உலையை அணைப்பாங்களா? புகையை அப்படியே மேல விட்டுடுவாங்க. மழை மூட்டமா இருந்தா இன்னும் வசதி, புகையும் மேகமும் ஒரே நிறம். புது வடிகட்டின்னு பேப்பர்ல போட்டானே, அது வந்து இறங்கிக் கொட்டகையில கிடந்துச்சாம், மாட்டவே இல்லையாம்.

பெட்டியைப் பார்சல் ஆபீஸ்ல குடுக்கிறது என் வேலைன்னுதான் நோட்ல இருக்கும். ஆனா எனக்கு ஒன்பது மணிக்கு லேப் தெறக்கணும். அவரு வண்டியில அந்த வழியாத்தான் ஷிஃப்டுக்குப் போவாரு. குடும்மா, நான் குடுத்துட்டுப் போறேன்னு அவராவே கேட்டாரு. எவ்வளவு அனுசரணையான புருஷன்னு பெருமைப்பட்டேன். டீச்சருங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கூட இருக்கேன்.

ஒருநாள் நல்ல மழை. பாட்டிலை மூடிப் பெட்டியைக் குடுத்து அனுப்பிட்டு, குடையை மறந்துட்டோமேன்னு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பின்பக்கம் வண்டி நிக்கிற சாய்ப்புல இவரு குத்துக்கால் வெச்சு உக்காந்திருக்காரு. பெட்டி தெறந்திருக்கு. பட்டையை பிளேடால கீறி எடுத்துட்டாரு. கையில ஒரு சொட்டு மருந்து பாட்டில். அதை எனக்குத் தெரியும் தம்பி. வருஷக்கணக்கா எங்க அலமாரியில கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கும். புகையில கண்ணு எரியுது, கண்ணுக்கு விடறதுன்னு சொல்லி வெச்சிருந்தாரு. காலையில டிபன் டப்பாவைக் குடுக்கிறப்ப நானே ஞாபகப்படுத்துவேன், கண்ணுக்கு மருந்தை எடுத்துக்கிட்டீங்களான்னு.

அதைத்தான் விட்டாரு. உதடு அசைய எண்ணிக்கிட்டே விட்டாரு. ஏழு சொட்டு. மூடினாரு, குலுக்கினாரு, சட்டைப்பையிலேருந்து புதுப் பட்டையை எடுத்து ஒட்டினாரு. என் கையெழுத்துப் போட்ட பட்டை. மழைநாள்ல கை ஈரமா இருக்கும், எழுதினா மை பரவும்னு நான் இருபது முப்பது பட்டையில முன்னாடியே கையெழுத்துப் போட்டு மேசை டிராயர்ல வெச்சிருப்பேன். அதுலேருந்து எடுத்திருக்காரு. என் வசதிக்கு நான் வெச்ச வழி, அவரு அதுல நடந்து போயிட்டாரு.

கத்தினேனான்னா, இல்ல. அவரு நிமிர்ந்து பார்த்துட்டு, மெதுவா பாட்டிலைப் பெட்டியில வெச்சாரு. சோடா உப்புக் கரைசல்தான், சமையலுக்குப் போடுறோமே அதேதான், விஷம் கிஷம் எதுவும் இல்லைன்னாரு. அதை முதல்ல சொல்லணும்னு தோணியிருக்கு பாருங்க அந்த மனுஷனுக்கு. மழையோட புளிப்பை அடக்கி நம்பரை ஏத்தினது அதுதான், உங்க ஆபீஸ் பொண்ணு பார்த்த சோடியமும் அதுதான்.

எத்தனை நாளான்னு கேட்டேன். ரெண்டாவது வருஷத்துலேருந்துன்னாரு. எட்டு வருஷம் தம்பி. பெரிய மேனேஜர் அவரை ரூமுக்குக் கூப்பிட்டு, உக்காருன்னு நாற்காலி போட்டாராம். இருபது வருஷ சர்வீஸ்ல அன்னிக்குத்தான் அந்த ரூம்ல உக்காந்தாராம். ஆலையை மூடினா எண்ணூறு குடும்பம் தெருவுல நிக்கும், நம்ம குவார்ட்டர்ஸ் போகும், மக படிப்பு நின்னுடும், பிளாண்டைச் சரி பண்ற வரைக்கும்தான், ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு சொன்னாங்களாம். அப்புறம் அதுவே பழகிப்போச்சாம்.

ஊர்ல எத்தனையோ ஆளு இருக்க உங்களை ஏன் கூப்பிட்டாங்கன்னு கேட்டேன். பெட்டியை மூடினாரு. அப்புறம் சொன்னாரு, உன் கையெழுத்தை எல்லாரும் நம்புறாங்கல்ல, அதனாலதான்.

அது இருக்கே, அதை என்னால இன்னிக்கு வரைக்கும் முழுங்க முடியல. ஒருத்தன் நம்மளை ஏமாத்தினா, சரி, ஏமாந்துட்டோம்னு இருக்கலாம். இவரு என்னோட நல்ல பேரைக் கத்தியாட்டம் எடுத்து என் அண்ணன் முதுகுலயே குத்தியிருக்காரு. அண்ணன் குளம் தெரியும்ல உங்களுக்குன்னு கேட்டேன். தெரியும்னாரு. அவ்வளவுதான். மாசம் ஒரு தடவை அண்ணன் வீட்டுக்குப் போவோம். அண்ணன் குளத்து மீனை அவரு முள்ளெடுத்து எடுத்துத் தின்னிருக்காரு, மச்சான் இந்த வருஷமும் குஞ்சு மிதந்துடுச்சான்னு அக்கறையா விசாரிச்சிருக்காரு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன்.

இப்பவா? ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு, வீட்லதான் இருக்காரு. ஒரே வீடு. சாப்பிடுறியா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. இதுக்கு மேல பேச்சில்ல.

என்னது, இந்த ஃபாரமா? இந்த மெஷினுக்குப் பொறுப்பாளா? எச்.எம். என் பேரைச் சொன்னாங்களா. சொல்லுவாங்க. இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் என் பேரைத்தான் சொல்லுவாங்க. வேண்டாம் தம்பி. கணக்கு டீச்சர் இருக்காங்க, கறாரான பொம்பள, அவங்ககிட்ட சாவியைக் குடுங்க.

உங்க தப்பு இல்லையேம்மான்னு சொல்றீங்க. நீங்க நல்ல பிள்ளை. விசாரணை முடிஞ்ச பிறகுதானே தெரிஞ்சுச்சு, நீங்க என்ன பண்ண முடியும்னு கேக்கிறீங்க.

பிறகுன்னு நான் சொல்லலையே தம்பி.

விசாரணை வெள்ளிக்கிழமை. நான் சாய்ப்புல பார்த்தது செவ்வாய்க்கிழமை.

நடுவுல ரெண்டு முழு நாள் இருந்துச்சு. புதன் வியாழன் ரெண்டு நாளும் ஸ்கூலுக்கு வந்தேன், பாட்டில் கழுவினேன். அண்ணன்கிட்ட ஓடிப் போய்ச் சொல்லணும்னு ஓடை வரைக்கும்கூட நடந்தேன், பாதிப் பாலத்துல நின்னு திரும்பிட்டேன். புருஷனைக் காப்பாத்தத்தான் வாயை மூடினேன்னு சொன்னா கேக்கிறவங்களுக்கும் நல்லா இருக்கும், எனக்கும் கொஞ்சம் கௌரவமா இருக்கும். அது இல்ல. அவரு மேல அன்னிக்கு எனக்கு ஒரு துளி இரக்கம் கிடையாது. அந்த நோட்டைத்தான் நினைச்சேன். ஒன்பது வருஷம் என் கையால எழுதின நோட்டு. சொன்னா அது குப்பைக்குப் போயிடும், மழைக்காரம்மான்னு ஒருத்தி இருந்ததே பொய்யாயிடும், வாத்தியாரு காதுக்குப் போனா என்ன நினைப்பாருன்னு தோணிச்சு. பொய் சொல்லத் தெரியாதவங்கிற பேரைக் காப்பாத்திக்கத்தான் பொய் சொன்னேன்.

அந்த ரூம்ல அதிகாரி கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ஏம்மா, நீங்க பட்டை ஒட்டினதுக்கப்புறம் பார்சல் ஆபீஸ் போற வரைக்கும் வேற யார் கையாவது அந்தப் பாட்டில்ல படுமான்னு. அதைக் கேக்கத்தானே அண்ணன் என்னைக் கூப்பிட வெச்சாரு. அண்ணன் மூணாவது வரிசையில உக்காந்திருந்தாரு. நான் தயங்குறதைப் பார்த்துட்டு, பயப்படாம சொல்லுன்னு தலையை ஆட்டினாரு. சின்ன வயசுல நான் பாடம் ஒப்பிக்கிறப்ப திக்கினா அப்படித்தான் ஆட்டுவாரு.

வேற யார் கையும் படாதுங்கய்யா, நானேதான் கொண்டு போய்க் குடுப்பேன்னு சொன்னேன்.

வெளிய எங்க வீட்டுக்காரரு வண்டியை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன்.

அண்ணன்கிட்டயா? சொல்லிட்டேன். சோடியம் விஷயம் கேள்விப்பட்ட அன்னிக்கே போன் போட்டேன். சுத்தி வளைக்காம சொல்லிட்டேன், சொட்டு மருந்து, பட்டை, செவ்வாய்க்கிழமை, எல்லாத்தையும். திட்டட்டும், சாபம் குடுக்கட்டும்னு காதுல போனை அழுத்தி வெச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் குழாயில தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு, செடிக்கு ஊத்திட்டிருந்தாரு போல. குழாயை மூடினாரு. என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல. மச்சானைப் பத்தியும் கேக்கல. சின்னப்பிள்ளை கேக்கிற மாதிரி கேட்டாரு தம்பி.

அப்ப அந்த மீனெல்லாம் என்னால சாகலையா பாப்பா?

இல்லண்ணேன்னேன்.

சரின்னு சொல்லி வெச்சுட்டாரு. மூணு வாரமாச்சு.